புதுக்கோழி வரும் வீடு



இம்மாதம் கோழியைப் பற்றி எழுதப் போகின்றோம் என்றதும் சிலர் புன்னகைக்கக் கூடும். மார்க்கத்தைச் சொல்ல வேண்டிய பகுதியில் கோழிக்கு என்ன வேலை என்றும் சிலர் கேட்கக் கூடும். கடைசிவரை படித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளிலும் வாழும் நம் தாய்மார் பலர் வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து கோழிகள் வளர்க்கின்றனர். முட்டை விற்ற காசு அவர்களின் கையிலேயே இருக்கும். பிள்ளையின் கொப்பிக்கும், திடீரென்று வரும் காய்ச்சலுக்கும், ஸதகாவுக்கும் அந்தக் காசுதான் உதவும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தீவனம் கிடைக்காமல் முட்டை விலை ஏறியதையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை நாட்டுக்கு ஏற்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் கொல்லைப்புறத்தில் நான்கு கோழி வைத்திருந்த வீட்டின் அருமை தெரிந்தது.

இந்தத் தாய்மார் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. பழைய கோழிகள் முட்டையிடுவது குறைந்துவிட்டது என்று சந்தையிலிருந்தோ தெரிந்தவரிடமிருந்தோ இரண்டு புதுக்கோழி வாங்கி வருவார்கள். வந்த அன்றே கூட்டுக்குள் விடுவார்கள். மறுநாள் காலையில் புதுக்கோழியின் தலை இரத்தமாகக் கிடக்கும். அல்லது பத்து நாட்களுக்குள் பழைய கோழிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து விழும். “யாரோ கண் வைத்துவிட்டார்கள்”, “வாங்கிய நாள் சரியில்லை” என்று பேச்சு எழும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொல்லும் ஆட்களும் வந்து சேருவார்கள்.

கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கின்றது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாள் பார்ப்பதையும் சகுனம் பார்ப்பதையும் நபி (ஸல்) அவர்கள் ஒழித்துக் கட்டினார்கள். கண் முன்னே கிடக்கும் காரணத்தைப் பாராமல் எல்லாவற்றையும் கண்ணேறின் தலையில் போடுவது ஈமானுமல்ல, அறிவுமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஆகவே, கட்ட வேண்டிய கயிறு எது என்று முதலில் பார்ப்போம்.

கோழியும் ஒரு சமுதாயம்

பூமியில் ஊர்ந்து திரியும் பிராணிகளும் இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கின்றது. சேவல் கூவக் கேட்டால் அல்லாஹ்வின் அருளைக் கேட்கும்படியும், தொழுகைக்கு எழுப்பும் அந்தப் பறவையை ஏசாதிருக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். சில இளைஞர்கள் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிக் கொண்டிருந்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். இவ்வாறு செய்வோரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று சொல்லிக் கண்டித்தார்கள். புகாரியில் பதிவான சம்பவம் இது. அங்கே கட்டப்பட்டிருந்தது பந்தயக் குதிரையோ விலையுயர்ந்த ஒட்டகமோ அல்ல, ஒரு சாதாரணக் கோழி என்பதைக் கவனியுங்கள்.

நம் முன்னோர்களான இமாம்கள் இவற்றை அற்பமாக நினைக்கவில்லை. கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 808 இல் (கி.பி. 1405) வபாத்தான ஷாஃபிஈ சட்டமேதை இமாம் கமாலுத்தீன் தமீரி அவர்கள் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற பெருநூலை உயிரினங்களுக்காகவே எழுதினார்கள். கோழிக்கும் அதில் தனி இடம் உண்டு. பெயர், குணம், மார்க்கச் சட்டம் எல்லாம் அங்கே பேசப்படுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். செல்வந்தர்கள் ஆடும் ஏழைகள் கோழியும் வளர்க்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு வருகின்றது. கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் சிலர் அதை எடுத்துக் காட்டுவர். அதன் அறிவிப்பாளர் வரிசையை ஹதீஸ்கலை அறிஞர்கள் ஏற்கவில்லை. இட்டுக்கட்டப்பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. கோழி வளர்ப்பதற்கு அந்த அறிவிப்பு நமக்குத் தேவையுமில்லை. ஹலாலான உழைப்பு என்பதே போதும்.

கொத்துவது ஏன்?

கோழிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப் எப்பே என்பவர் சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து கவனித்து வந்தவர். 1922 இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார். முதலாவது கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தும். அதை எதுவும் கொத்தாது. இரண்டாவது கோழி முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கிக்கொண்டு போய், கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்து வாங்கும். தீவனத்தில் முதலில் வாய் வைப்பதும், இரவில் நல்ல இடத்தில் தங்குவதும் இந்த வரிசைப்படியே நடக்கும். வரிசை ஒருமுறை அமைந்துவிட்டால் பிறகு சண்டை குறைவு. ஒரு பார்வையே போதும், சின்னது விலகிவிடும்.

புதுக்கோழி ஒன்று நுழைந்தவுடன் இந்த வரிசை முழுவதும் கலைந்து போகின்றது. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. தெரியாத தலை ஒன்று வந்தால் அதன் இடம் எது என்று தீர்மானிக்கும்வரை விடமாட்டா. நம்முடைய சொந்தக் கோழியே மூன்று வாரம் வேறிடத்தில் அடைகிடந்து திரும்பினால் சில வேளை அந்நியக் கோழியாகவே நடத்தப்படும். இது அவற்றின் இயல்பு; யாரும் வைத்த கண்ணல்ல.

ஆகவே புதுக்கோழி வாங்குவோர் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒன்று நோயின் வாசல். மற்றது சண்டையின் வாசல். பெரும்பாலோர் இரண்டாவதைப் பற்றியே கவலைப்படுகின்றனர். கூட்டை வெறுமையாக்குவது முதலாவதுதான்.

முதல் வாசல்: நோய்

நோயுற்ற கால்நடைகளை நலமான கால்நடைகளோடு கொண்டு சேர்க்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் இது. தொற்று இல்லை என்றும் ஹதீஸ் வந்திருக்கின்றதே என்று சிலர் கேட்பர். இரண்டும் முரணானவை அல்ல. அல்லாஹ்வின் நாட்டமின்றி நோய் தன் சொந்தச் சக்தியால் தாவுகின்றது என்ற அறியாமைக் காலத்து நம்பிக்கையை ஒரு ஹதீஸ் மறுக்கின்றது. காரணங்களைப் பேணும்படி மற்றது கட்டளையிடுகின்றது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே போகின்றோம் என்று விளக்கினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணமும், ஒட்டகத்தைப் பசுமையான கரையில் மேய்ப்பதா வறண்ட கரையில் மேய்ப்பதா என்ற மேய்ச்சல் உதாரணமே.

நமது கோழிகளுக்குப் பெரிய எதிரி ராணிகேத் என்னும் நோய். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இது கண்டறியப்பட்டது. அதன் பின் சிறிது காலத்திலேயே இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிகேத் என்ற ஊரிலும் காணப்பட்டதால் நம் பக்கத்தில் அந்தப் பெயர் நிலைத்தது. பச்சை நிறக் கழிச்சல், மூச்சு இழுப்பு, கழுத்து முறுக்கிக் கொள்ளல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை அடையாளங்கள். சில வேளைகளில் எந்த அடையாளமும் காட்டாமலே கோழி செத்துக் கிடக்கும். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து மாத்திரமே உண்டு. கண்ணில் சொட்டாக விடுவது, குடிநீரில் கலப்பது, ஊசியாகப் போடுவது என்று அதில் வகைகள் உள்ளன. உங்கள் பகுதியின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். மருந்தைக் குளிரில் வைத்தே கொண்டு வர வேண்டும். நீரில் கலக்கும் மருந்தாயின் குளோரின் போட்ட குழாய் நீர் உதவாது; சுத்தமான ஊற்று நீர் நல்லது. மருந்து கொடுத்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, ஏறக்குறைய இரண்டு வாரமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். சந்தையில் துள்ளிக் குதித்த கோழி வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் விழுவது இதனால்தான். சளி நோய் போன்ற வேறு சில நோய்களில், குணமான கோழியும் வெளியில் நலமாகத் தெரிந்தபடியே கிருமியைச் சுமந்து திரியும்.

எனவே புதுக்கோழியைக் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம் தனியே வைக்க வேண்டும். தனியே என்றால் ஒரே கூட்டில் நடுவே பலகை வைப்பதல்ல. வீட்டின் மறுபுறத்தில், காற்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேரே வீசாத இடத்தில் வைக்க வேண்டும். பழைய பெட்டி ஒன்றுக்குக் கம்பிவலை அடித்தாலும் போதும். தீவனப் பாத்திரம், தண்ணீர்ப் பாத்திரம், விளக்குமாறு எல்லாம் வேறாக இருக்கட்டும். காலையில் முதலில் பழைய கோழிகளைக் கவனியுங்கள். அதன் பிறகே புதுக்கோழியிடம் போங்கள். திரும்பியதும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். செருப்பையும் மாற்றுங்கள். செருப்பின் அடியிலும் நோய் பயணம் செய்யும்.

இந்த நாட்களில் கோழியைக் கையிலெடுத்துப் பாருங்கள். இறக்கைக்குக் கீழும் மலவாயைச் சுற்றியும் பேன், செள் இருக்கின்றதா? காலின் செதில்கள் மேலெழும்பிச் சுண்ணாம்பு பூசியது போலிருக்கின்றதா? அப்படியிருந்தால் அது செதிலுக்கடியில் வாழும் சிறு பூச்சியின் வேலை. காலைக் கழுவித் துடைத்துச் சில வாரங்கள் தேங்காய் எண்ணெய் பூசிவந்தால் பூச்சி மூச்சடைத்துச் சாகும். மூக்கில் நீர், கண்ணில் நுரை, இரத்தம் கலந்த கழிச்சல் ஆகியவை தெரிந்தால் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். பூச்சி மருந்து கொடுப்பதற்கும் இதுவே தக்க காலம்.

மலையகத்தில் வாழ்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நமது நாட்டின் பெரிய கோழிப்பண்ணைகள் குருநாகல், புத்தளம், கம்பஹா போன்ற வெப்பமான மாவட்டங்களிலேயே அதிகம். அங்கே வளர்ந்த இளங்கோழி ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வந்தால் குளிரும் ஈரமும் சேர்ந்து தாக்கும். சில ஆண்டுகளில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே உறைபனியும் விழும். உலர்ந்த உடம்போடு இருக்கும் கோழி குளிரை ஓரளவு தாங்கும். நனைந்த கோழி தாங்காது. தரையில் உமியோ மரச்சீவலோ தடிப்பாகப் போட்டு, ஈரமானதை உடனே அள்ளுங்கள். குளிர் என்று கூட்டைச் சாக்கால் முழுவதும் மூடிவிடாதீர்கள். எச்சத்தின் காரம் உள்ளே தேங்கினால் மூச்சு நோய் வரும். மேலே காற்றுப் போக வழியும், கோழி தங்கும் உயரத்தில் காற்று அடிக்காத மறைவும் இருக்க வேண்டும். மே மாதம் முதல் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் அடைமழை பிடிக்கும். அதற்கு முன்னரே, மழை விட்ட நாட்களில், புதுக்கோழி வாங்குவது நல்லது.

இரண்டாம் வாசல்: சண்டை

நோயின் காலம் நலமாகக் கழிந்தபின் அறிமுகம் தொடங்கட்டும். முதலில் பார்வை மாத்திரம். கூட்டின் ஒரு பக்கத்தைக் கம்பிவலையால் மறைத்து, ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை புதியவற்றை அதற்குள் வையுங்கள். வலைக்கு அப்பால் பழையவை வந்து பார்க்கும், சீறும், வலையைக் கொத்தும். மெல்ல அந்தச் சீற்றம் அடங்கும். வலைக்கு இருபுறமும் அருகருகே தீவனம் வைத்தால், பகைத்த முகங்களைப் பார்த்துக்கொண்டே தின்னப் பழகும்.

ஒற்றைக் கோழியை ஒருபோதும் கொண்டுவந்து விடாதீர்கள். நான்கைந்து கோழி உள்ள வீட்டுக்கு இரண்டு மூன்றாவது சேர்ந்து வரட்டும். கொத்து பங்காகும், ஒன்றுக்கொன்று துணையுமாகும். உடம்பின் அளவும் ஒத்திருக்க வேண்டும். எட்டு வாரக் குஞ்சை முழுக்கோழிகளோடு விடுவது அதைப் பலி கொடுப்பது போலாகும். பெரியவற்றின் அளவை ஏறக்குறைய எட்டும்வரை, அதாவது மூன்று நான்கு மாதம்வரை பொறுத்திருங்கள். தீவனத்திலும் கவனம் வேண்டும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். இன்னும் முட்டையிடாத இளங்கோழி அதையே தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனத்தைக் கொடுத்து, முட்டையிடுபவற்றுக்காக முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து நொறுக்கி வேறு சிரட்டையில் வையுங்கள். தேவையான கோழி தானாகத் தேடிப்போய்த் தின்னும்.

வலையை எடுக்கும் நாளில் மாலை நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் கொல்லையில் திறந்து விட்டு, கீரையோ கோவா இலையோ பல இடங்களில் தூவுங்கள். வயிறும் கண்ணும் வேலையிலிருந்தால் சண்டை குறையும். சற்று நேரத்தில் இருட்டிவிடும், எல்லாம் தங்கப் போகும். இரவில் கோழிக்குக் கண் தெரிவது குறைவு. புதியவற்றைக் கையிலெடுத்துப் பழையவற்றின் பக்கத்தில் தடியில் ஏற்றி விடுங்கள். ஆனால் விடியற்காலையில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் கூட்டைத் திறந்து விட்டால், அடைபட்ட இடத்தில் புதுக்கோழி மூலையில் மாட்டிக்கொள்ளாது. வேலைக்குப் போவோர் இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வரும்போது இதைச் செய்வது உகந்தது.

கூட்டுக்குள் ஒரு கோழிக்கு மூன்று நான்கு சதுர அடியாவது இடம் வேண்டும். தீவனமும் தண்ணீரும் குறைந்தது இரண்டு இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதவாறு இருக்கட்டும். இல்லாவிட்டால் முதலாவது கோழி ஒரே பாத்திரத்துக்குக் காவலிருந்து புதியதைப் பட்டினி போட்டுவிடும். ஓடி ஒளிய ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். அதன் இருபுறமும் திறந்திருக்க வேண்டும். ஒரு வாசல் மாத்திரமுள்ள ஒளிவிடம் பொறியாகிவிடும்.

சில நாட்கள் துரத்தலும் இறகு பறத்தலும் இருக்கும். அதில் தலையிட வேண்டாம். இரத்தம் வந்தால் மாத்திரம் உடனே தலையிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் வந்து அதே இடத்தைக் கொத்தும், கொன்றும் விடும். காயப்பட்டதைப் பிரித்துக் கழுவி மருந்திட்டு, காயம் ஆறியபின்னரே சேருங்கள். ஒரு குறிப்பிட்ட பழைய கோழிதான் கொடுமை செய்கின்றது என்று தெரிந்தால், அடி வாங்குவதை வெளியேற்றாதீர்கள். அடிப்பதைப் பிடித்து மூன்று நான்கு நாள் வேறு கூட்டில் அடையுங்கள். திரும்பி வரும்போது அதுவே புதுக்கோழியாகிவிடும், முடுக்கும் குறைந்திருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் எல்லாம் அடங்கும். இந்தக் காலத்தில் முட்டை குறையும். அதற்காகக் கோழியை ஏசிப் பயனில்லை.

இத்தனை சிரமமின்றிக் கூட்டத்தைப் பெருக்க இன்னொரு வழியுமுண்டு. உங்கள் கோழி ஒன்று அடைகிடக்கும்போது, பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகளை இரவில் அதன் வயிற்றுக்கடியில் மெல்ல வைத்து, முட்டைகளை எடுத்துவிட்டால், பெரும்பாலும் விடியும்போது அவற்றைத் தன் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்ளும். தாயின் காவலில் வளரும் குஞ்சுக்கு அறிமுகமும் தாயாலேயே நடந்துவிடும். காலையில் ஒருமுறை கவனித்து, தாய் ஏற்காவிட்டால் குஞ்சுகளைச் சூடான பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அயலாரின் கூடு

இனிச் சொல்லப்போவதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

தோட்டப்புறத்தில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. ஒரு வீட்டுக் கோழி இன்னொரு வீட்டு முற்றத்தில் மேயும். நம் கூட்டுக்கு வந்த நோய் நம் வேலியோடு நின்றுவிடாது. அடுத்த லயத்தில் கொழுந்து பறித்து வாழும் அக்காவின் நான்கு கோழியையும் அது கொண்டுபோகும். புதுக்கோழியை அடைத்து வைக்கும் மூன்று வாரம் நம் கோழிகளுக்கு மாத்திரம் பாதுகாப்பல்ல, அயலாரின் உரிமையைப் பேணுவதுமாகும். அயலாருக்கு வாரிசுரிமையும் கொடுத்துவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய உரிமை அது. அதில் முஸ்லிம் அயலார், முஸ்லிமல்லாத அயலார் என்ற பாகுபாடு இல்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் ஆடு அறுத்த அன்று யூத அயலாருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கோழிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கியதும் சில வீடுகளில் என்ன நடக்கின்றது? மிச்சமிருப்பவற்றையாவது காசாக்குவோம் என்று அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு போகின்றார்கள். வாங்குகிறவர் கேட்டால், நல்ல முட்டைக்கோழி என்கின்றார்கள். சகோதரர்களே, சகோதரிகளே! குறையை மறைத்து விற்பது முஸ்லிமுக்கு ஹலாலாகாது. மேலே உலர்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தால் வாங்குபவருக்குக் கொஞ்சம் நட்டம். நோய்க்கோழியால் வாங்குபவரின் கூடு முழுவதும் வெறுமையாகும். அவருடைய அயலாரின் கூடும் வெறுமையாகும். எது பெரிய மோசடி? அந்தக் கோழியை வாங்குபவர் முட்டைக் காசை நம்பி வாழும் ஒரு விதவையாகவும் இருக்கலாம். அவர் நம்மைத் தேடி வந்து கேட்கமாட்டார். யாரிடமிருந்து நோய் வந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இன்னும் சிலர், செத்த கோழியை நாம் உண்ண மாட்டோம், மற்றவர்களுக்கு விற்றால் என்ன என்று கேட்கின்றனர். தானாகச் செத்ததை உண்பது ஹராமாக்கப்பட்டது போலவே அதை விற்பதும் ஹராமாக்கப்பட்டுள்ளது. மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் அதை அறிவித்தார்கள். உயிர் பிரிந்தபின் கத்தி வைப்பதால் எதுவும் ஹலாலாகிவிடாது. வாங்குபவர் யாராயினும் சட்டம் ஒன்றே.

செத்த கோழியை ஓடையில் எறிவதும் நம்மிடையே காணப்படும் கெட்ட பழக்கம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றது. நானுஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியைச் சேருகின்றது. நாட்டுக்கே தண்ணீர் புறப்படும் இடத்தில் நாம் குடியிருக்கின்றோம். நாம் எறிவது கீழே உள்ள லயத்தின் பீலியில்தான் முதலில் போய்ச் சேரும். நாய் தோண்டாத ஆழத்தில் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். அயலாருக்கு உண்மையைச் சொல்லி, அவர்களின் கோழிகளை அடைத்துவைக்கச் சொல்லுங்கள். கால்நடை வைத்தியருக்கும் அறிவியுங்கள். கூட்டைக் கழுவி வெயிலில் காயவிட்டு, சில வாரங்கள் வெறுமையாக வைத்தபின்னரே புதுக்கோழி பற்றி நினையுங்கள். வெட்கம் ஒருநாள்தான், மோசடி மறுமைவரை தொடரும்.

கோழியிடமிருந்து எதைக் கற்பது?

கோழிகள் புதியதைக் கொத்துவது இயற்கை என்று எழுதினோம். இதைக் கேட்டுவிட்டு, புது மருமகளைக் கொஞ்சம் கொத்துவதும் இயற்கைதானே என்று எந்த மாமியாரும் நினைத்துவிடக் கூடாது! சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பாடசாலைக்குப் புதிதாக வந்த பிள்ளையைப் பழைய பிள்ளைகள் பரிகசிப்பதையும், மஹல்லாவுக்குக் குடிவந்த குடும்பத்தை வருடக்கணக்கில் வந்தான் வரத்தான் என்று ஒதுக்குவதையும் நாம் பார்க்கின்றோம். எங்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாகும் என்று பெரியவர்கள் சும்மா இருந்துவிடுகின்றனர்.

கோழிக்குக் கேள்வி கணக்கில்லை, நமக்கு உண்டு. கோழியிடம் இல்லாத அறிவும் வெட்கமும் நமக்குத் தரப்பட்டிருப்பது அதன் ஒழுங்கை நாமும் நடத்திக் காட்டுவதற்கல்ல. இன்னும் பாருங்கள்: இரண்டு கோழிக்காக மூன்று வாரம் பொறுக்கின்றோம். வலை அடிக்கின்றோம். இரண்டு பாத்திரம் வைக்கின்றோம். ஒளிவதற்கு இடம் செய்து கொடுக்கின்றோம். அடி வாங்குவதை விட்டுவிட்டு அடிப்பதையே பிடித்து அடைக்க வேண்டும் என்றும் தெரிந்து வைத்திருக்கின்றோம். தாய்வீட்டை விட்டு வந்த ஒரு பெண்பிள்ளைக்கு இவற்றில் ஒன்றையாவது செய்தோமா? அவள் அழுதால் அவளைத்தானே பொறுத்துப்போகச் சொல்கின்றோம்?

கொல்லைப்புறத்துக் கூட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கைக்கு வீட்டை ஒழுங்காக வைத்திருக்கவும் தெரிய வேண்டும். கோழி வாங்கும்போது நலத்தைப் பாருங்கள். விற்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். கூட்டில் முதல் முட்டை கிடைத்தால் ஒன்றை அயல் வீட்டுக்கும் அனுப்புங்கள்.

நம் வீடுகளிலும் நம் சிறு சம்பாத்தியங்களிலும் வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! வாயில்லாப் பிராணிகளுக்கும் வாயிருந்தும் பேசாதிருக்கும் மனிதர்களுக்கும் அநீதி இழைப்பதிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.